ராஜ்மாவுக்கு ஒரு கிரேஸ் மார்க்

நான் நான்காவது படித்தபோது எங்கள் வீட்டில் வண்டுகளுக்குத்தான் முதல் பந்தி. ஸ்ரீரங்கத்தில் மற்ற வீடுகளில் பயறில் வண்டு விழுந்தால் மொட்டை மாடியில் காயப்போட்டு விரட்டுவார்கள். எங்கள் அம்மாவோ நல்ல பயறாகப் பார்த்து வாங்கிவந்து, அதில் வண்டுகளைக் குடிவைத்து, பாட்டில் வாயைத் துணியால் கட்டிப் பத்திரப்படுத்துவாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தாள். ஒரே ஜாதி வண்டு காராமணியில் எவ்வளவு பெருகும், பச்சைப்பயறில் எவ்வளவு, கொண்டைக்கடலையில் எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

கூடவே இருந்த அத்தைக்கு இது அடுக்கவே இல்லை. "ஊர்ல எல்லாரும் வண்டைப் பொறுக்கி எறியறா, மன்னி சாதம் போட்டு வளக்கறா" என்று அப்பாவிடம் முறையிடுவாள். எண்ணும்போது ஓடாமல் இருக்க, அம்மா பாட்டிலைப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து வண்டுகளை மயங்கவைப்பாள். பூஜையில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும் பாலுக்குப் பக்கத்திலா வண்டு என்று அத்தை கேட்டால், அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

வண்டுகள் பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். புழு பயறுக்குள்ளேயே தின்று வளர்ந்து, மாதம் ஒன்று ஆனால் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். காராமணி பாட்டிலில் திருவிழாக் கூட்டம். பச்சைப்பயறும் சளைத்ததில்லை, கொண்டைக்கடலை சுமார். ராஜ்மாவில்தான் முட்டைகள் இருந்தும் ஒரு வண்டுகூட வரவில்லை. எங்கள் சமையலறை அதுவரை கண்டிராத பயறு அது, வண்டுக்காகவே வாங்கியது. சிவப்பாக, பளபளவென்று அவ்வளவு அழகாக இருக்கும். அம்மாவின் நோட்டில் அதற்கு நேராக மட்டும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கணக்குப் பரீட்சையில் என் கதியும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா நூலகத்துக்குப் போயிருந்தாள். அத்தை கோயிலில் தாயார் சன்னதிக்குப் போயிருந்தாள். நான் காராமணி பாட்டிலைத் திறந்து, என் பெயிண்ட் பிரஷ்ஷால் வண்டுகளைத் தூக்கி ராஜ்மாவில் போட ஆரம்பித்தேன். பாஸ் மார்க் முப்பத்தைந்து. ஆறு போட்டதுமே வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதால் துணிகளைக் கட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

ஞாயிறு காலை சமையலறையிலிருந்து "ஐயோ!" என்று அம்மாவின் குரல் கேட்டது. சந்தோஷக் கூச்சல் என்று நினைத்து ஓடினேன். அம்மா ராஜ்மாவை வெள்ளைத் தாளில் கொட்டி, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுலகூட ஓட்டை இல்லை. வெளிலேர்ந்துதான் பூந்திருக்கு" என்றாள் அப்பாவிடம். "துணி வழியா வண்டு போய் வரதுன்னா எந்த பாட்டில் கணக்கையும் நம்ப முடியாது. ஒரு வருஷ வேலை போயிடுத்து. நாளைக்கு கைடுகிட்ட எதைக் காட்டுவேன்?"

காபி ஆறிப்போனது. தினமும் வண்டுகளைச் சபிக்கும் அத்தையே துணியை வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று தேடினாள். பூஜ்யம் ஆறாகிவிட்டது, அதற்கு ஏன் இப்படி இடிந்துபோக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் தைரியமெல்லாம் போய்விட்டது.

"நான்தாம்மா போட்டேன். காராமணிலேர்ந்து எடுத்து. ராஜ்மா பாவம், பாஸே ஆகலை" என்று ஓவென்று அழுதேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "எத்தனை போட்டே?"

"ஆறு."

அம்மா காராமணி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். பாலைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தது அத்தைதான். பத்து நிமிஷம் ஆனது. பிறகு அம்மா எண்ணினாள். புது வண்டு வருவது நின்று சில நாள் ஆகியிருந்த பாட்டில் அது. வெள்ளிக்கிழமை எழுதியிருந்ததைவிடச் சரியாக ஆறு குறைந்திருந்தது.

அவ்வளவுதான். அம்மா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். "பயறுக்கே சிபாரிசா! யாருக்கும் பரிஞ்சு பேசற அப்பா குணம் அப்படியே" என்றாள் அத்தை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

துணி சரியாகத்தான் இருக்கிறது, அந்த பூஜ்யமும் நிஜமான பூஜ்யம்தான் என்று தெரிந்ததில் அம்மாவுக்கு வந்த ஆனந்தம் அது. தன் பிள்ளை பிழைக்காத பயறில்கூட வண்டு முட்டையிடுகிறது, அந்தப் பயறில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வியே. அதெல்லாம் எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. அன்று எனக்குப் புரிந்ததெல்லாம், தப்பை ஒப்புக்கொண்டால் முத்தம் கிடைக்கும் என்பது ஒன்றுதான். அதை நம்பி அடுத்த வாரமே, அத்தையின் மூக்குப்பொடி டப்பாவைக் காவிரியில் மிதக்கவிட்டது நான்தான் என்று நானாகவே போய்ச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.