ஓடாமல் கிடந்த எஞ்சின்

போன ஆடி மாதம் விழிஞம் துறைமுக வாசலில் நானும் என் மனைவியின் தம்பி சேவியரும் செத்திருக்க வேண்டியவர்கள். இன்று உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன் என்றால், இது ஆண்டவர் போட்ட உயிர்ப்பிச்சை.

அப்போது எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். ஃபைபர் வள்ளத்துக்குப் பெரிய எஞ்சின் ஒன்று வாங்குவதா, சிறியதாக இரண்டு வாங்குவதா? ஒன்று போதும் என்பது என் கட்சி. மனைவி மேரி விடவில்லை.

"எனக்க மாப்பிளையும் எனக்க தம்பியும் ஒரே வள்ளத்துல போறிய. ஒண்ணு நின்னா இன்னொண்ணு வேணும்லா?"

தினமும் செபத்தில் கேட்டேன். ஆண்டவரே, ஒன்றா, இரண்டா? பதில் வரவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம், பொறுமை என்பது கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு எஞ்சினை இரவல் வாங்கி, எங்கள் பழையதோடு ஒரே டாங்கில் சேர்த்துப் பூட்டி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சேவியரோடு கடலுக்குப் போனேன்.

திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. சேவியர் அந்த இரவல் எஞ்சினை ஓடவே விடவில்லை. தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தான்.

"ரெண்டும் ஓடுனா மண்ணெண்ண குடிச்சே தீக்கும் அளியா. அது கெடக்கட்டு."

"பின்ன அழகு பாக்கவாலே கொண்டு வந்தோம்?" என்று மச்சினன்மேல் பாய்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் திட்டியதையெல்லாம் கோயிலில் சொல்ல முடியாது. அவன் அசையவில்லை.

துறைமுக வாசலில் அலை மடிந்து விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வரும் அலை பிடிப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். சரியாக அங்கே வந்து பழைய எஞ்சின் இருமியது, நின்றது. டாங்கின் மூடி இறுகாமல் மண்ணெண்ணெயில் கடல்தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ண வைத்திருந்த பெட்ரோலை மாற்றிக் கொடுத்துக் கயிற்றை இழுத்தேன். தோள் கழன்றதுதான் மிச்சம். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போய்விட்டது.

வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பியது. ஒரு அலை உள்ளேயே விழுந்தது. வாசலின் அலைத்தடுப்புப் பாறைச் சுவரில் ஒட்டியிருந்த சிப்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன. காற்றைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்த மேரி சுவரின் மேல் நின்றாள். பாடமாக்கிய செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, அவளுக்கு ஒருத்தனையாவது விடும்" என்றேன்.

அந்த நேரத்தில்தான் சேவியர் இரவல் எஞ்சினின் கட்டை அவிழ்த்துத் தண்ணீரில் இறக்கினான். பெட்ரோல் குழாயை அதில் மாட்டினான். அந்தக் கெட்ட மண்ணெண்ணெயில் ஒரு சொட்டுகூட அது குடித்திருக்கவில்லை. முதல் இழுப்பில் முனகியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. பாறை எங்களை உரசியபடியே விலகியது. நாங்கள் உள்ளே வந்துவிட்டோம்.

கரையில் இறங்கியதும் சேவியர் சொன்னான், "அளியா, இப்ப திட்டு."

நான் அழுதுவிட்டேன்.

பிறகு சிறிய எஞ்சின்கள் இரண்டு வாங்கினோம், இரண்டுக்கும் தனித்தனி டாங்க். இப்போது சேவியரிடம் வாயைத் திறக்குமுன் ஆண்டவரிடம் பேசிக்கொள்கிறேன். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள் இங்கே இருந்தால், விட்டுவிடாதீர்கள். பதில் நமக்குப் பிடிக்காத ஒருவன் கையிலும் இருக்கலாம்.

அன்று மேரி எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தாள். ஒரு கையில் என் சட்டை, மறு கையில் தம்பி சட்டை, வீடு வரை பிடித்த பிடியை விடவில்லை. நான் கேட்டது ஒருவனை. அவர் இரண்டு பேரையும் அவளுக்குக் கொடுத்தார்.