கூடைக்காரிக்குக் கிடைக்காத நிவாரணம்

சுனாமி வந்துபோன மறு வருஷம். மீன்பிடித் தடைக்காலம் என்று காசிமேட்டில் படகெல்லாம் கட்டிக்கிடந்தது. அரசாங்க நிவாரணத்துக்கு மீன்வளத்துறை ஆபீசில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் மீன் விற்கிற ஒரு அம்மா. வெற்றிலை வாய், இடுப்பில் காலிக் கூடை. மீனே இல்லாத நாளிலும் அதை இறக்கமாட்டாள்.

“கடலுக்குப் போற ஆம்பளைங்களுக்குத்தான் பணம். நீ கெளம்பும்மா” என்றார் அதிகாரி.

அவள் கூடையை மேஜைமேல் வைத்தாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நாறுதா நைனா? கடலுக்கும் எனுக்கும் சம்பந்தம் இல்லன்னா இது எப்டி நாறும்? படகு நின்னுட்டா என் வூட்டு அடுப்பும்தான் அணைஞ்சிபூடும். எனுக்கு ஏன் இல்ல?”

“மொதல்ல கூடைய எடு!”

படகில் போகிறவன் என்று எனக்குக் கொடுத்தார்கள், அவளுக்கு இல்லை. நீங்கள் அந்த ஆபீசு பக்கம் போனால், அவள் கேட்டதை இன்னொரு தரம் கேளுங்கள்.