எசனில் ஒரு புத்தரின் இடக் கன்னம்

1974 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நான் படித்துக்கொண்டிருந்த ஆகன் நகரிலிருந்து எசனுக்குப் போய்வந்தேன். பொன் பூசிய புத்தர் சிலை ஒன்றைப் பழுதுபார்ப்பதை நேரில் காணத்தான் பயணம். ஜெர்மனிக்கு வந்து நேபாளத்துப் புத்தரைத் தேடிப் போகிறாயா என்று விடுதி நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கோ அந்தச் சிலையோடு ஏற்கெனவே உறவு உண்டு. அதன் தாடைக்குக் கீழிருந்து சுரண்டிய ஒரு துணுக்கு தபாலில் எங்கள் வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தது. அதைச் சோதித்தவன் நான்.

காலை 7.40 ரயில். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம், போகவர 24 மார்க். (இன்று யாருக்கும் உதவாத கணக்கு, தெரியும்.) எசன் நிலையத்தில் சிவா அண்ணா காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஊரில் நகை செய்தவர், இங்கே கெல்சென்கிர்ச்சனில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. பொன் என்றதும் தானும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

டிராமில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் நடை. சிலை பழுதுபார்க்கும் பட்டறையை நடத்தியவர் ஹில்டகார்ட் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. மேசைமேல் முழ உயரச் செம்புப் புத்தர். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி, சிலையில் தடவித் தீயில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய்விடும், பொன் மட்டும் ஒட்டி நிற்கும். பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். உடம்பு அப்படித்தான் மின்னியது. முகம் மட்டும் மங்கல். அங்கே பொன்தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருந்தார்கள். அதில் பாதரசம் இல்லை, ஆகவே பிற்காலப் பூச்சு, நீக்கலாம் என்று என் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். அதை நம்பி ஈரப் பஞ்சால் இடக் கன்னத்தைத் துடைத்து முடித்திருந்தார் ஹில்டகார்ட். அடியிலிருந்த பொன் பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்குப் பரிசாக, மைக்ரோஸ்கோப்பில் எடுத்த துணுக்கின் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். அழகாக இருந்ததால்தான். சிவா அண்ணா அதை வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, பொன்னுக்கு இடையில இந்தக் கறுப்புக் கோடெல்லாம் என்ன?"

"விளக்குப் புகைண்ணா. லேயர் லேயரா படிஞ்சிருக்கு."

"அப்ப பூசி, விளக்கு வைச்சு, புகை படிஞ்சாப் பிறகு திரும்பப் பூசியிருக்கினம். எத்தினை தரம் எண்டு எண்ணிப் பாத்தனீங்களோ?"

பதினொன்று. ஆய்வகத்திலேயே எண்ணியிருந்தேன். ஆனால் பாதரசம் உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி, அதனால் எழுதவில்லை.

"கும்பிடுற ஆக்கள் முகத்துக்கு மட்டும் புதுசு புதுசாப் பூசியிருக்கினம் போல. அதைத் துடைக்க வேண்டாம் எண்டு அந்த அம்மாவிட்டச் சொல்லுங்கோ."

ஹில்டகார்ட் அப்போது வலக் கன்னத்துக்குப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவசரமாகச் சொன்னேன். அவர் பஞ்சைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் அறிக்கையில் எழுதவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தட்டில் கிடந்த மஞ்சள் கறை படிந்த பஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. துடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஹில்டகார்ட் சிலையின் சொந்தக்காரருக்கு அன்றே தொலைபேசியில் சொல்லி, மிச்ச முகத்தை அப்படியே விட்டுவிட்டார். என் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் குறுக்கிட்டுச் சொல்லவில்லை.

நீங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போனால் சில யோசனைகள். கையில் ஒரு சிறு பூதக்கண்ணாடி இருக்கட்டும். இமயமலைப் பக்கத்துச் சிலைகளில் முகத்தையும் மார்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முகம் மங்கலாக இருந்தால் அழுக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் கூட்டம் குறைவு, காவலரும் பேச்சுக் கொடுப்பார்.

அந்தச் சிலை இப்போது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. வலக் கன்னம் மங்கலாகவும் இடக் கன்னம் மட்டும் பளபளவென்றும் இருக்கும் புத்தரை எங்காவது கண்டால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். பக்கத்துப் பலகையில் காரணம் என்ன போட்டிருந்தாலும், அதைத் துடைக்கச் சொன்னவன் நான்தான்.