சிவப்புக் கோடு போட்ட பாட்டு

எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் எங்கள் காலனி நாடகக் குழு ஒரு பாட்டு நிகழ்ச்சி போட்டது. பதினோரு பாட்டு, ஒன்பது பேர், முப்பத்தாறு நாள் ஒத்திகை. செயலாளர் நான்.

ஏழாவது பாட்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றியது. காலனி சங்கத் தலைவர் வீட்டுத் தொட்டி மட்டும் முதலில் நிரம்புவதைக் கேலி செய்தது. "அந்தப் பாட்டு இருந்தா ஹால் சாவி கிடையாது" என்றார் தலைவர். நான் பயந்துபோய், பட்டியலில் அதன்மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன்.

பாட்டை எழுதிய சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாடத்தானே கூடாது சார்? நிக்கலாம்ல?"

நிகழ்ச்சியன்று ஆறாவது பாட்டு முடிந்ததும், இடுப்பில் காலிக் குடத்துடன் மேடைக்கு வந்து வாயை மூடிக்கொண்டு நின்றார். ஆர்மோனியம் மட்டும் மெட்டை வாசித்தது. முன்வரிசையில் தலைவர். இரண்டாவது வரியில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. பிறகு நான்கு, இருபது, ஹால் முழுவதும். ஒத்திகையை ஜன்னல் வழியே தினமும் கேட்டவர்கள். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

மறுநாள் தலைவர் கத்தினார். "பத்துன்னு சொல்லிட்டுப் பதினொண்ணு பாடினீங்களேய்யா!"

"நாங்க பத்துதான் சார் பாடினோம், எண்ணிட்டேன். மீதி ஒண்ணு காலனி பாடிச்சு" என்றேன்.

அடுத்த ஆண்டு ஹால் கிடைக்கவில்லை. லாரி நிற்கும் இடத்திலேயே போட்டோம், அந்தப் பாட்டை முதலில் வைத்து. பழைய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்டது நான்தான். அதை அழித்துவிட்டு நல்லவன் வேஷம் போட மாட்டேன்.