மாதாமாதம் முடி வளர்த்த கார்டு

என் கணவர் ரகசியமாக முடி வளர்க்கிறார் என்று சில மாதங்களாகவே எனக்குத் தெரியும். அதாவது... தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கிரெடிட் கார்டு கணக்கு. அவருக்கு ஒரு கார்டு, எனக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு. தீபாவளிக்கு முன்னால் எவனோ "பேங்க்லேர்ந்து பேசறேன் சார்" என்று போன் செய்ய, காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிட்டையரான இந்த மனுஷர் பவ்யமாக ஓடிபியைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, பேங்க்கே சந்தேகப்பட்டுப் பெரிய தொகை போகாமல் தடுத்துவிட்டது. பழைய கார்டை பிளாக் செய்து, புது கார்டு வாங்கி, மயிலாப்பூர் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தோம்.

அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் ஒரு புது வரி. முடி வளர்ச்சி, மந்த்லி ப்ளான். ஆட்டோ டெபிட்!

இவர் தலையில் முடி என்பது காதோரம் மட்டும்தான். பாவம், வயசான காலத்தில் ஒரு ஆசை... கேட்டால் கூனிக்குறுகிப் போய்விடுவாரே? நான் வாயைத் திறக்கவில்லை. மறு மாதமும் போனது. அதற்கடுத்த மாதமும்.

போன மாதம் அந்தத் தொகை இரண்டு மடங்காகிவிட்டது. ப்ரீமியம் ப்ளானாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க... அந்தத் தைலம் ஏதாவது பலன் தெரியுதா?"

"அதை நான்ல உன்னைக் கேக்கணும்?" என்றார் இவர், இட்லியைப் பிட்ட கையோடு.

"என்னையா?"

"தைராய்டு வந்ததுலேர்ந்து உனக்குக் கொத்துக் கொத்தா கொட்டுது. சீப்பைப் பாத்து நீ அழுததை நானும் பாத்தேன். மாசாமாசம் மெசேஜ் வருது. ஏதோ வாங்கித் தடவிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அட ராமா! இரண்டு பேருமே வாங்கவில்லை. அப்படியானால் யார் தலையில் வளர்கிறது எங்கள் பணம்?

ஓடினோம் லஸ் பக்கத்தில் இருக்கும் பேங்க்குக்கு. கவுன்டரில் இருந்த அதிகாரிப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"கார்டுதான் மேடம் புதுசு. மாசாமாசம் எடுத்துக்கலாம்னு, சார் ஓடிபி சொன்ன அன்னிக்கே ஒரு பர்மிஷனைப் பதிவு பண்ணிட்டாங்க. கார்டு மாறினதும் அதுவும் இங்க கூடவே வந்துடுச்சு. இதோ, இப்பவே கேன்சல் பண்ணிடறேன்."

"போன பணம்?"

"அதுதான் சிக்கல். ஏன் இத்தனை மாசம் சொல்லலை? வாங்கி யூஸ் பண்ணிட்டு இப்ப மாத்திப் பேசறாங்கன்னு அந்தக் கம்பெனி சொன்னா, பணம் திரும்பி வர்றது கஷ்டம் சார்."

கொஞ்சநஞ்சப் பணமா? இந்த வருஷம் வேண்டாம் என்று தி.நகர் கடையில் வைத்துவிட்டு வந்த பட்டுப்புடவை கண்முன்னால் வந்து போனது.

இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கவுன்டருக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.

"நல்லா பாருங்கம்மா. யூஸ் பண்ணின தலை மாதிரியா இருக்கு?"

டோக்கனோடு காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. "இதுக்கு மேல இன்னா மேடம் ப்ரூஃப் வேணும்? பணத்தைக் குடுத்து அனுப்புங்க!" என்று ஒருவர் எங்களுக்காக வக்காலத்து வேறு வாங்கினார்.

அதிகாரிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் எலிவால் பின்னலை எடுத்து முன்னால் போட்டேன். வேறு என்ன செய்ய?

"சரி... ரெண்டு பேருக்குமே வரலைன்னு எழுதிக்கறேன் மேடம்" என்றார். அந்த பர்மிஷன் பதிவானது ஃப்ராடு நடந்த அதே நாளில் என்பதையும் சேர்த்துப் புகாரை அனுப்பினார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அழுததைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் பில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாரே இந்த மனுஷர்! என்ன வேடிக்கை பாருங்கள்... ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக் கூடாதே என்று நாங்கள் காத்த மரியாதையில், எவனோ ஒருவன் மாதாமாதம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். எதிர் வீட்டுத் தம்பதி மாதிரி எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவர்களாக இருந்திருந்தால் முதல் மாதமே மாட்டியிருப்பான்.

எனவே வீட்டில் புதுச் சட்டம். இனிமேல் ஸ்டேட்மெண்ட் வந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். நாசூக்கெல்லாம் கிடையாது. புரியாத வரி எதுவானாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும்.

முந்தாநாள் முதல் வாசிப்பு. போன பணம் மொத்தமும் திரும்பி வந்திருந்தது! குழந்தைகள் மாதிரி கை தட்டிக்கொண்டோம். அதே குஷியில் நான் கீழே படித்துக்கொண்டே போனேன்.

அடையாறில் ஒரு ஸ்வீட் கடை. இரண்டு வரி தள்ளி, மறுபடியும் அதே கடை. அதற்குக் கீழே, இன்னொரு தடவை. எல்லாம் இவர் நண்பரோடு அந்தப் பக்கம் வாக்கிங் போன நாட்கள். இவரோ காலையும் மாலையும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்.

"ஏங்க, இது என்ன?"

இவர் ஸ்டேட்மெண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ரொம்ப சாதுவாகக் கேட்டார்:

"இதையும் ஃப்ராடுன்னே எழுதிக் குடுத்துடலாமா?"