மோட்டார் போட்ட நேரம்

அக்காவின் லேப்டாப் ஒரு சோற்றுத் தட்டின் அகலம்தான் இருக்கும். கல்லூரியில் ஒரு சீனியர் பெண்ணிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது; சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப்பும் கண்ணை மூடிவிடும். உள்ளே விண்டோஸ் பாதி, லினக்ஸ் பாதி. எங்கள் கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான் என்பதால், விண்டோஸ் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, வயலுக்கு நடுவில் எங்கள் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அக்காவை வரச்சொல்லியிருந்தது. அவள் மாதக்கணக்காக எழுதிய மென்பொருளைத் திங்கட்கிழமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும். இந்தப் பக்கம், பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அப்பா கெட்டவர் அல்ல. நியாயமாகத்தான் பேசினார்.

"வேல கெடச்சாப் போ கண்ணு. கெடைக்கலீன்னா அவங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடறேன்."

"சரிங்ப்பா" என்றாள் அக்கா.

சனிக்கிழமை பார்த்து லினக்ஸ் பகுதியில் இடம் தீர்ந்து, மென்பொருள் ஓடாமல் நின்றுவிட்டது. விண்டோஸை அழித்து அந்த இடத்தையும் லினக்ஸுக்கே கொடுத்துவிடுவது, லேப்டாப்பைத் திறந்ததும் சிஸ்டத்தை எழுப்பிவிடும் பூட்லோடரையும் புதிதாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு ஒரு பென் டிரைவ் வேண்டும். வீட்டில் இருந்ததே ஒன்றுதான். அதில்தான் மென்பொருளின் பிரதி இருந்தது. மூலம் லேப்டாப்பில் இருக்கிறதே என்று பிரதியை அழித்தாள். நெட்டில் ஏற்றி வைக்கலாமே என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் போன் பேசவே மாமரத்தடிக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்டோஸ் ஒழிந்தது. லினக்ஸில் இருந்தவை எல்லாம் காலி இடத்துக்கு மெல்ல நகர ஆரம்பித்தன. நடுவில் நிறுத்தக் கூடாது என்று திரையில் எழுதியிருந்தது. "தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்" என்று அக்கா என்னிடமும் சொல்லி வைத்தாள். நான் தொடவே இல்லை.

வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஒரே லைன். அதிலும் கரண்டு சவலைப்பிள்ளை மாதிரிதான் வரும். மோட்டார் எடுக்க வேண்டுமானால் வீட்டில் ஒரு பல்புகூட எரியக் கூடாது. அப்பா கிணற்றடியிலிருந்து குரல் கொடுப்பார். வீட்டில் யார் இருந்தாலும் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்போம். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் திரும்பப் போடுவோம். நடை பழகிய காலத்திலிருந்தே எங்களுக்கு இதுவும் பழக்கம்.

அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் போடறேன்!" என்று அப்பாவின் குரல் கேட்டது.

பாதிப் பின்னலை அப்படியே விட்டுவிட்டு அக்கா ஓடினாள். மெயினைக் கீழே தள்ளுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அவள் அலறினாள்.

சாயங்காலம் வரை மல்லுக்கட்டினாள். சோறு இறங்கவில்லை. பூட்லோடரை மறுபடி போட்டாள். அது சமர்த்தாக எழுந்தது. ஆனால் அது எழுப்புவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை.

"கதவு வெச்சாச்சு. ஊட்டைத்தான் காணோம்" என்று சிரித்தாள்.

அப்பா வயலிலிருந்து வந்து, "என்னாச்சு கண்ணு?" என்றார்.

"பழசுங்ப்பா. தன்னால போயிருச்சுங்க."

அப்பா அதை நம்பினார். கடைசிவரை அவருக்கு வேறொன்றும் தெரியாது.

திங்கட்கிழமை வெறுங்கையோடு கோயம்புத்தூர் போய் வந்தாள். அந்த வாரமே பொள்ளாச்சிக்குச் சரி என்று சொல்லியாயிற்று. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். நான் வீடெல்லாம் குதித்துக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கூப்பிட்டா நீ ஓடாத அம்மிணி. கையில என்ன வேல இருந்தாலும் அத முடிச்சுப்போட்டுப் போ."

அவள் கண் கலங்கியிருந்தது. மெயினைத் தொட்டு எனக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் செருப்புப் போட்டுட்டுத்தான் அணைப்பேன் அக்கா" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.