சித்திரை வெயிலில் ஹீட்டர்

"இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் இன்னாத்துக்கு சார்? ஹோஸக் கயட்டிப் போட்டுடலாம்," என்றார் மெக்கானிக், ஹீட்டரின் வெடித்த ரப்பர் குழாயைக் காட்டி. நைனாவின் பழைய கார் இன்ஜினிலிருந்து சூடான ரப்பர் வாடை வந்தது. எனக்கு அது சித்திரை மாதத்து வாடை.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு சித்திரையில் மானாம்பதியிலிருந்து அம்மாவைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் இன்ஜின் கொதித்தது. இன்ஜின் ஆறட்டும் என்று நைனா ஹீட்டரைத் திருகி, அந்தச் சூட்டையெல்லாம் காருக்குள் இழுத்துவிட்டார். அனல் எங்கள் காலைப் பொசுக்கியது.

"புள்ளத்தாச்சிய வேக வைக்கிறியே, பைத்தியமா ஒனக்கு?" என்று அத்தை கத்தினாள்.

"வண்டி நின்னுட்டா இன்னா பண்ணுவ? கம்முனு விசிறு."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தாத," என்றாள். ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி நிற்கவேயில்லை.

அன்று பிறந்த தங்கை இப்போது காபியோடு வந்தாள்.

"ஹீட்டர் எதுக்குன்னு கேட்டீங்களே, இவளுக்குத்தான்," என்றேன் மெக்கானிக்கிடம். "புது ஹோஸ மாட்டுங்க."